வாசகர் கேள்வி – பதில்: வாஷிங்டன் குடும்பத்தின் இங்கிலாந்து வேர்

கேள்வி: ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் இங்கிலாந்தில் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை எப்படி உறுதி செய்தார்கள்?

பதில்: வாஷிங்டன் தரப்பிலிருந்து பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. பிரிட்டனின் குலச்சின்ன அதிகாரி ஐசக் ஹெர்ட் 1791இல் கடிதம் எழுதி விசாரித்தபோது, இதில் தாம் அதிகக் கவனம் செலுத்தியதில்லை என்றே வாஷிங்டன் பதிலளித்தார். வர்ஜீனியாவில் குடியேறியவர்கள் அவருடைய கொள்ளுத்தாத்தா ஜானும் ஜானின் தம்பி லாரன்ஸும். நார்த்தாம்ப்டன்ஷயரின் சல்கிரேவ் ஊரிலிருந்த வாஷிங்டன் கிளையில் இதே பெயர்களில் சகோதரர்கள் இருந்ததால், அவர்களே இவர்கள் என்று ஹெர்ட் முடிவு செய்தார். ஆனால் அந்த ஜான் 'சர்' பட்டம் பெற்று இங்கிலாந்திலேயே வாழ்ந்தவர் என்றும், அந்த லாரன்ஸ் எசெக்ஸில் பாதிரியாராக இருந்தவர் என்றும் 1866இல் வம்சாவளி ஆய்வாளர் ஜோசப் செஸ்டர் நிரூபித்தார்.

உண்மையான தொடர்பை 1889இல் வெளியிட்டவர் இன்னொரு வம்சாவளி ஆய்வாளர் ஹென்றி வாட்டர்ஸ். ஹார்ட்ஃபர்ட்ஷயரின் டிரிங் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ நோலிங் என்பவர் தம் உயிலில், ஞானமகன் லாரன்ஸ் வாஷிங்டனுடன் அவனுடைய உடன்பிறந்தவர்களான ஜான், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா ஆகியோரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். வர்ஜீனியாவில் ஜான் 1675இல் எழுதிய உயிலிலோ, தங்கை மார்த்தாவுக்கு இங்கிலாந்திலுள்ள தம் பணத்தில் பத்துப் பவுண்டும், நாலாயிரம் பவுண்டு எடைப் புகையிலையும், அவள் கப்பலேறி வந்த செலவுக்கான கடன் தள்ளுபடியும் எழுதப்பட்டுள்ளன. ஜான், லாரன்ஸ் என்ற பெயர்கள் எத்தனையோ குடும்பங்களில் இருந்தன. கடலின் இரு கரைகளிலும் அதே அண்ணன் தம்பியரோடு மார்த்தா என்ற தங்கையும் சேர்ந்து வருவதைத்தான் நான் வலுவான சான்றாகக் கருதுகிறேன். டிரிங்கில் இறந்த ஆம்ஃபிலிஸ் வாஷிங்டனின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை மூத்த மகன் ஜானுக்கு 1656 பிப்ரவரியில் வழங்கப்பட்டதும் இதோடு பொருந்துகிறது. ஹெர்ட் குறிப்பிட்ட பாதிரியார் லாரன்ஸ்தான் ஆம்ஃபிலிஸின் கணவர்; குடியேறிய ஜானும் லாரன்ஸும் அவருடைய மகன்கள். ஆகவே ஹெர்ட் குடும்பத்தைச் சரியாகப் பிடித்து, தலைமுறையைத்தான் தவறவிட்டார்.

கேள்வி: ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த தேதி குடும்ப விவிலியத்தில் 1731/2 பிப்ரவரி 11 என்று இருப்பது ஏன்?

பதில்: 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி ஆண்டு மார்ச் 25 அன்றுதான் தொடங்கியது, வாஷிங்டன் பிறந்த காலத்தில் அவர்களின் நாட்காட்டியும் பதினொரு நாள் பின்தங்கியிருந்தது. அதனால் பழைய கணக்கில் 1731, ஜனவரியில் தொடங்கும் கணக்கில் 1732 என்று இரண்டையும் சேர்த்து 1731/2 என எழுதினார்கள்; அந்தத் தேதி நம் கணக்கில் 1732 பிப்ரவரி 22. அந்தக் கணக்கில் ஒரே ஆண்டின் பிப்ரவரி டிசம்பருக்குப் பிறகு வருவதால், பழைய தேவாலயப் பதிவேட்டில் 1640 டிசம்பரில் குழந்தைக்கு ஞானஸ்நானமும் 1640 பிப்ரவரியில் தாயின் அடக்கமும் பதிவாகியிருந்தால், தாய் இறந்தது குழந்தை பிறந்த பிறகே.