தேநீர்க் கேத்தல் தூக்குகிறவளுக்கு வரம் இல்லையா?

கேள்வி: எனக்கு 52 வயது. எங்கள் சபையில் இருபத்தைந்து வருடங்களாக ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆராதனை முடிந்ததும் தேநீர் கொடுப்பதும், வைத்தியசாலையில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பதும் என் பொறுப்பு. இரண்டு வருடங்களுக்கு முன் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபக்குழு ஒன்று தொடங்கியது. அதில் அந்நியபாஷையில், அதாவது ஆவியானவர் தருவதாக நம்பும் புரியாத மொழியில், பேசுகிறார்கள். என் மகளும் அதில் சேர்ந்திருக்கிறாள். சென்ற மாதம் அந்தக் குழுவில் ஒருவர், "அபிஷேகம் பெறாதவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கக் கூடாது" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அந்நியபாஷை பேசுவதைத்தான் அவர்கள் அபிஷேகத்துக்கு அடையாளமாகச் சொல்கிறார்கள். மகள் வாய் திறக்கவில்லை. இப்போது சபை இரண்டுபட்டுக் கிடக்கிறது. நாங்கள் அவர்களைக் "கூச்சல் கோஷ்டி" என்கிறோம். எனக்கு வரமே இல்லையா? வேறு சபைக்குப் போய்விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருகோணமலை

பதில்: அன்புள்ள சகோதரி, "மகள் வாய் திறக்கவில்லை" என்ற வரியில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வரத்தைப் பார்ப்போம்.

அந்த ஜெபக்குழு அடிக்கடி திறக்கும் பகுதி, கொரிந்து பட்டணத்துச் சபைக்குப் பவுல் அப்போஸ்தலர் எழுதிய 1 கொரிந்தியர் நிருபத்தின் 12ஆம் அதிகாரமாகத்தான் இருக்கும். அதில் 28ஆம் வசனத்தை நிதானமாக வாசியுங்கள். அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், போதகர்கள், அற்புதங்கள், குணமாக்கும் வரங்கள் என்று வந்து, "ஊழியங்கள்", "ஆளுகைகள்" என்று தொடர்ந்து, கடைசியில்தான் பலவித பாஷைகள் வருகின்றன. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் "ஊழியங்கள்" என்று இருக்கும் இடத்தில் மூலக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் உதவி, கைகொடுத்துத் தாங்குதல். வைத்தியசாலைக் கட்டிலருகே நீங்கள் செய்வது வேறென்ன? இரண்டு வசனம் தள்ளி, "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுல் கேட்கிறார். இல்லை என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்.

இன்னொன்று. அதே அதிகாரத்தின் 7ஆம் வசனம் பழைய மொழிபெயர்ப்பில் "அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று" என்று இருக்கிறது. அதை வாசித்துவிட்டு, வரம் என்பது பெற்றவரின் சொந்தச் சொத்து என்று நினைத்துக்கொண்டவர்கள் நம்மிடையே நிறைய. கிரேக்கத்தில் "அவனவனுடைய" என்ற உரிமைச் சொல் அந்த இடத்தில் இல்லை. "பொது நன்மைக்காக" என்று பிற்காலத்தில் மொழிபெயர்த்தவர்கள் கருத்தைச் சரியாகப் பிடித்தார்கள். ஒரு சொல் எத்தனை சபைகளுக்குள் சண்டை மூட்டியிருக்கும் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

கொரிந்தும் உங்கள் ஊரைப்போலத் துறைமுகத்தால் வாழ்ந்த பட்டணம். ஒருபுறம் லெகாயோன், மறுபுறம் கெங்கிரேயா என்று அதற்கு இரண்டு துறைமுகங்கள். அங்கேயும் சண்டை அந்நியபாஷையில் தொடங்கவில்லை. "நான் பவுலைச் சேர்ந்தவன்", "நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று முதல் அதிகாரத்திலேயே கட்சி பிரிந்துவிட்டது. 11ஆம் அதிகாரத்தில், இயேசுவை நினைத்து ஒன்றாக உண்ணும் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் குடித்து வெறியாயிருக்கிறான். வரங்களைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. உங்கள் சபையிலும் ஒலிவாங்கி யார் கையில், சபைக் குழுவில் யார் என்ற பழைய கணக்கு ஏதாவது அடியில் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கெங்கிரேயாவில் பெபேயாள் என்றொரு பெண் இருந்தாள். அவள் என்ன பாஷை பேசினாள் என்று பவுல் எழுதவில்லை. அவள் அநேகருக்கும் தனக்கும் ஆதரவாயிருந்தவள் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் எழுதிவைத்தார்.

இனி நீங்கள் கோபிக்கக்கூடிய பகுதி. "கூச்சல் கோஷ்டி" என்ற பெயரை இன்றோடு விட்டுவிடுங்கள். தான் எல்லாரையும்விட அதிகமாகப் பாஷைகளைப் பேசுகிறவன் என்று பவுலே சொல்கிறார். தடைபண்ணாதிருங்கள் என்றும் எழுதுகிறார். ஒழுங்குதான் கேட்டார்: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராக, அர்த்தம் சொல்ல ஒருவர். அப்படிச் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் மௌனம். இந்த ஒழுங்கு உங்கள் சபையில் இருக்கிறதா என்று போதகரிடம் கேட்பது நியாயம். கேலி செய்வது நியாயமல்ல.

வேறு சபைக்குப் போவது வேண்டாம். உப்புவெளியிலிருந்து உவர்மலைக்கு மாறினாலும் அந்த ஒற்றை வாக்கியம் உங்களோடு பஸ் ஏறி வந்துவிடும். பிள்ளைகளுக்கு யார் படிப்பிப்பது என்பதைப் போதகரும் சபைக் குழுவும் தீர்மானிக்க வேண்டும்; ஜெபக்குழு அல்ல. இதைப் போதகரிடம் நேரே சொல்லுங்கள். அதற்கு முன் அந்தச் சகோதரரைத் தனியே சந்தித்து, "நீங்கள் சொன்னது என்னைக் காயப்படுத்தியது" என்று சொல்லிவிடுங்கள். மத்தேயு 18இல் இயேசு சொன்ன வரிசை அதுதான்.

மகளுக்கு வருவோம். அவள் உங்களை விட்டுக்கொடுத்தாள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் தான் முதன்முறையாக மனம்விட்டு ஜெபித்த இடம். தொண்டை அடைத்திருக்கும். அவளிடம் விளக்கம் கேட்காதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவளோடு கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். பாஷை வராவிட்டால் தமிழில் ஜெபியுங்கள். அடுத்த கிழமை வைத்தியசாலைக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தேநீர்ப் போத்தலை அவள் தூக்கட்டும்.