31 நொடியில் நின்ற கடிகாரம்

வணக்கம்.

நாங்கள் ஐந்தாறு பேர், ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்கள். வார இறுதியில் இணையத்தில் கூடி நாசாவின் பழைய விண்ணோட (ஸ்பேஸ் ஷட்டில்) ஏவல் பதிவுகளை முழுநீளமாக ஓடவிட்டுப் பார்க்கிறோம். சென்ற வாரம் கடைசிப் பயணமான எஸ்டிஎஸ்-135 பார்த்தோம். டி மைனஸ் 9 நிமிடத்தில் கடிகாரம் வெகுநேரம் அசையவே இல்லை. மறுபடி 31 நொடியில் நின்றது. அது ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. மேலே கிளம்பிய பிறகு ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து சொல்லும் “நெகட்டிவ் ரிட்டர்ன்”, “பிரஸ் டு மீக்கோ” போன்றவையும் புரியவில்லை. இன்னொரு தொல்லை: எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடவிட்டாலும் ஒருவர் முந்திக்கொண்டு “நின்னுடுச்சு!” என்று கத்திவிடுகிறார். வழி இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
கு.

அன்புள்ள கு.,

திரையில் ஓடும் டி மைனஸ் கடிகாரம் ஏவலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று காட்டுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அது வேலைகளின் வரிசையைக் காட்டும் கடிகாரம். குறித்த வேலை முடிந்தால் எண் நகரும், முடியாவிட்டால் நிற்கும். உண்மையில் மிச்சமிருக்கும் நேரத்துக்கு எல் மைனஸ் என்று தனிக் கணக்கு உண்டு. விண்ணோடத்தின் கவுன்ட்டவுன் டி மைனஸ் 43 மணியில் தொடங்கும். ஆனால் அந்த எண் காட்டும்போது ஏவலுக்கு ஏறக்குறைய மூன்று நாள் இருக்கும். நடுவில் 27, 19, 11, 6, 3 மணிகளிலும், 20 நிமிடத்திலும், 9 நிமிடத்திலும் முன்கூட்டியே திட்டமிட்ட நிறுத்தங்கள் வரும். தாமதமான வேலையை முடிக்கவும், ஊழியர்கள் சற்று ஓய்வெடுக்கவும், ஏவும் நொடியை நினைத்த இடத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கவும் அவை பயன்படும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மணியில் நிறுத்தம் முடிந்து கடிகாரம் மறுபடி கிளம்பும்போது, 20 நிமிடத்தில் வரும் 10 நிமிட நிறுத்தமும் 9 நிமிடத்தில் வரும் முக்கால் மணி நிறுத்தமும் சேர்ந்து, உண்மையில் நான்கு மணிக்குச் சற்றுக் குறைவாக மிச்சமிருக்கும்.

9 நிமிட நிறுத்தத்தைத் தள்ளி ஓட்டிவிடாதீர்கள். மொத்தப் பதிவிலும் கேட்கத் தகுந்த பேச்சு அங்கேதான் நடக்கிறது. என்டிடி என்று அழைக்கப்படும் நாசா சோதனை இயக்குநர் ஒவ்வொரு பிரிவாகப் பெயர் சொல்லிக் கேட்பார். ஒவ்வொருவரும் “கோ” என்பார்கள். கடைசி முடிவு ஏவல் இயக்குநருடையது. எஸ்டிஎஸ்-135இல் அது மைக் லைன்பாக். வானிலைப் பேச்சில் ஒன்றைக் கவனியுங்கள்: ஏவுதளத்துக்கு மேலே வானம் எப்படி என்பதோடு கேள்வி முடிவதில்லை. வழியில் இன்ஜின் கெட்டால் திரும்பி வந்து இறங்க, ஏவுதளம் இருக்கும் கென்னடி மையத்தின் ஓடுபாதை தெளிவாக இருக்க வேண்டும். கடலுக்கு அப்பால் ஸ்பெயினிலோ பிரான்சிலோ குறித்துவைத்த தளங்களில் ஒன்றாவது இறங்கத் தோதாக இருக்க வேண்டும். எஸ்டிஎஸ்-135இல் பறந்த ஓடமான அட்லாண்டிஸின் அந்தக் கடைசி ஏவலுக்கு வானிலை ஒத்துழைக்க 30 சதவீத வாய்ப்புத்தான் என்று முன்னறிவிப்பு சொல்லியிருந்தது. ஆகவே அன்று எல்லார் காதும் வானிலை அதிகாரி பக்கம்தான்.

9 நிமிடத்தில் கடிகாரம் கிளம்பியதும் பொறுப்பு தரைக் கணினியின் கைக்குப் போகிறது. 7 நிமிடம் 30 நொடியில் வீரர்கள் ஏறிவந்த நடைபாலம் விலகும். 5 நிமிடத்தில் ஹைட்ரசின் எரிபொருளில் ஓடும் மூன்று துணை மின்னாற்றல் அலகுகள் முடுக்கப்படும். ‘ஏபியு ஸ்டார்ட்’ என்று கேட்பது அதுதான். இன்ஜின்களைத் திருப்பவும் இறக்கைப் பலகைகளை அசைக்கவும் வேண்டிய ஹைட்ராலிக் அழுத்தம் இவற்றிலிருந்து வருகிறது. இங்கிருந்து காத்திருப்புக்கு விலை உண்டு. ஹைட்ரசின் கரைந்துகொண்டே இருக்கும். அடுத்த சில நொடிகளில் திரவ ஆக்சிஜன் தொட்டியை நிரப்புவதும் நின்றுபோகும். நிறுத்தினால் நிமிடக்கணக்கில்தான் தாங்கும்.

இனி உங்கள் 31 நொடிக்கு வருகிறேன். விண்ணோடத்தோடு ஒட்டி நிற்கும் பெரிய எரிபொருள் தொட்டியான வெளித்தொட்டியின் உச்சியில் குல்லா போல ஒன்று கவிழ்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் திரவ ஆக்சிஜன் இடைவிடாமல் ஆவியாகி மேலே வெளியேறும். அந்தக் குளிர்ந்த ஆவி பட்டுத் தொட்டி முனையில் பனிக்கட்டி உறைந்தால், கிளம்பும்போது அது பெயர்ந்து விண்ணோடத்தின் மீது விழலாம். அதனால் குல்லாவுக்குள் சூடான நைட்ரஜனைச் செலுத்தி ஆவியை ஒதுக்குப்புறமாக இழுத்துவிடுவார்கள். ஏறக்குறைய இரண்டரை நிமிடம் மிச்சமிருக்கும்போது குல்லாவைத் தூக்கி, அதைத் தாங்கும் கையைக் கோபுரத்தோடு மடக்கிவிடுவார்கள். கை முழுதாக மடங்கிப் பூட்டிக்கொண்டது என்ற சைகை தரைக் கணினிக்குக் கிடைக்க வேண்டும். 2011 ஜூலை 8 அன்று அது கிடைக்கவில்லை. கை மீண்டும் ஆடி வந்தால் ஏறும் வாகனத்தை மோதும் என்பதால் கணினி 31 நொடியில் நிறுத்திவிட்டது. பொறியாளர்கள் கேமராவைத் திருப்பிக் கை மடங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்தார்கள். கடிகாரம் மறுபடி ஓடி, உள்ளூர் நேரம் காலை 11:29க்கு அட்லாண்டிஸ் கிளம்பியது. திட்டமிட்ட நேரத்தை விட இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமான தாமதம்.

இரண்டு நிமிடம்தானே என்று தோன்றும். விண்வெளி நிலையத்துக்குப் போகும் ஓடத்துக்கு ஏவல் சாளரம், அதாவது ஏவ முடிந்த நேரம், மொத்தமே 10 நிமிடம் சுமார். நிலையத்தின் சுற்றுப்பாதைத் தளத்துக்கு நேர் கீழே ஏவுதளம் வந்து சேரும் கணத்தைக் குறிவைத்தே நேரம் குறிப்பார்கள். அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் சுமார் ஐந்து நிமிடம் வரைதான் எரிபொருள் ஈடுகொடுக்கும். நேரம் குறிப்பது அந்த நடுக்கணத்துக்கு என்பதால் தாமதத்துக்குக் கிடைப்பது பாதிச் சாளரம்.

ஏன் சரியாக 31 நொடி என்றால், தரைக் கணினி விண்ணோடத்தின் கணினிகளிடம் கட்டுப்பாட்டைக் கைமாற்றும் இடம் அது. 31க்குப் பின் ஏதாவது பிசகினால் அங்கேயே நின்று சரிபார்க்க வழியில்லை. 20 நிமிடத்துக்குப் பின்வாங்க வேண்டும். பெரும்பாலும் அன்றைய ஏவலே ரத்து.

அடுத்த நொடிகளை ஒரு தடவை படத்தைப் பார்க்காமல் கேட்டும், ஒரு தடவை சத்தமில்லாமல் பார்த்தும் பாருங்கள். 16 நொடியில் மேடையில் தண்ணீர் பீறிடும். சுமார் 11 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டியிலிருந்து அது வருகிறது; தீயணைக்க அல்ல, எதிரொலித்துத் திரும்பும் ஒலி அலை வாகனத்தை உலுக்காமல் தடுக்க. 10 நொடியில் இன்ஜின்களுக்கு அடியில் பொறிகள் பறக்கும். இவைதான் இன்ஜினைப் பற்றவைக்கின்றன என்று விளக்கவுரைகளில்கூடச் சொல்லக் கேட்கிறேன். இல்லை. அடியில் தேங்கும் ஹைட்ரஜன் வாயு குவிந்து வெடிக்காமல் முன்பே எரித்துவிடுவது மட்டுமே அவற்றின் வேலை. 6.6 நொடியில் மூன்று இன்ஜின்களும் 0.12 நொடி இடைவெளியில் வலது, இடது, நடு என்ற வரிசையில் பற்றும். அவற்றின் உந்துதலில் மொத்த வாகனமும் தொட்டிப் பக்கம் சாயும். உச்சி அரை மீட்டருக்கு மேல் நகரும். பிறகு நிமிரும். நிமிர்ந்து நிற்கும் கணம்தான் டி பூஜ்யம். தொட்டியின் இரு பக்கமும் நிற்கும் திட எரிபொருள் ராக்கெட்டுகளான பூஸ்டர்கள் அப்போது பற்றும், அடியைப் பிடித்திருந்த எட்டு போல்ட்டுகளின் நட்டுகளும் வெடித்துப் பிளந்து வாகனத்தை விடுவிக்கும். பக்கவாட்டுக் கேமராவில் தொட்டியின் முனையைக் கோபுரத்தின் ஒரு கம்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சாய்வு நன்றாகவே தெரியும்.

இன்ஜின் பற்றிய பிறகும் நிறுத்தலாம், பூஸ்டர் பற்றிய பிறகு முடியாது. 1984 முதல் 1994 வரை ஐந்து தடவை இன்ஜின் பற்றி அணைந்திருக்கிறது. எஸ்டிஎஸ்-68 டி மைனஸ் 1.9 நொடியில் நின்றது. முதல் சம்பவமான எஸ்டிஎஸ்-41-டி இன்னும் பதைக்கவைப்பது: இன்ஜின் அணைந்த பின் மேடையில் ஹைட்ரஜன் எரிந்தது, அந்தச் சுடர் கண்ணுக்குத் தெரியாத வகை.

கோபுரத்தைத் தாண்டியதும் கட்டுப்பாடு கென்னடியிலிருந்து ஹூஸ்டனுக்கு மாறும். வர்ணனையாளர் குரலும் மாறும். காதால் பிடிக்கச் சுலபமான குறி அது. ஒரு நிமிடம் பத்து நொடி வாக்கில் “கோ அட் திராட்டில் அப்”. காற்றின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தைக் கடக்கக் குறைத்திருந்த உந்துதலை மறுபடி 104 சதவீதத்துக்கு ஏற்றுகிறார்கள். நூறைத் தாண்டிய சதவீதம் ஏன் என்றால், 100 என்பது தொடக்ககால வடிவமைப்பின் அளவு. இன்ஜின் பின்னர் மேம்பட்டது, அளவுகோலை யாரும் மாற்றவில்லை. இரண்டு நிமிடம் ஐந்து நொடி சுமாருக்குப் பூஸ்டர்கள் கழன்று விழும்.

அதற்குப் பிறகு ஹூஸ்டன் சொல்வதெல்லாம் ஒரே கேள்விக்கான பதில்கள்: இந்தக் கணத்தில் இன்ஜின் ஒன்று அணைந்தால் எங்கே போவீர்கள்? “டூ இன்ஜின்” என்று சொல்லி சரகோசா, மொரோன், இஸ்த்ர் என ஓர் ஊர்ப் பெயர் வந்தால், மிச்ச இரண்டு இன்ஜினோடு கடல் தாண்டி அங்கே போய் இறங்கலாம் என்று பொருள். நான்கு நிமிடம் சுமாருக்கு “நெகட்டிவ் ரிட்டர்ன்”: இனி கென்னடிக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிட்டது, வேகமும் தொலைவும் மிஞ்சிவிட்டன. “பிரஸ் டு ஏடிஓ” (ஏடிஓ: அபார்ட் டு ஆர்பிட்) என்றால் ஒன்று போனாலும் தாழ்வான ஒரு சுற்றுப்பாதையாவது கிடைக்கும். “பிரஸ் டு மீக்கோ” என்றால் ஒன்று போனாலும் திட்டமிட்ட இடத்துக்கே போய்விடலாம். மீக்கோ என்பது முதன்மை இன்ஜின் அணைப்பு. எட்டரை நிமிடத்தில் வரும். வீரர்கள் ஒவ்வொன்றுக்கும் அந்த வார்த்தையையே திருப்பிச் சொல்வார்கள். திருப்பிச் சொல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

இவற்றில் ஏடிஓ ஒரே ஒரு தடவை நடந்தது. 1985 ஜூலை 29, சேலஞ்சர், எஸ்டிஎஸ்-51-எஃப். ஐந்தே முக்கால் நிமிடம் சுமாருக்கு, வெப்ப உணரிகள் தப்பாகக் காட்டியதால் நடு இன்ஜின் அணைந்தது. இன்னொன்றின் உணரிகளும் தடுமாறத் தொடங்கின. ஹூஸ்டனில் இன்ஜின் பொறுப்பில் இருந்த ஜென்னி ஹோவர்ட், உணரி சொன்னாலும் இன்ஜின் அணையாதபடி தானாக அணைக்கும் வரம்புகளை முடக்கச் சொன்னார். ஓடம் சுற்றுப்பாதைக்குப் போனது.

கடைசியாக, முந்திக்கொள்ளும் நண்பர். நேரலையில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் 20, 30 நொடி வித்தியாசம் வருவது சகஜம். சேவையகமும் சாதனமும் தேக்கிவைக்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறும். தீர்வு: மிகவும் பின்தங்கியவர் எவரோ, அவருக்காக மற்றவர்கள் நிறுத்திவைத்துச் சேர்ந்துகொள்வது. பதிவென்றால் சுலபம். எல்லோரிடமும் ஒரே கோப்பு இருக்கட்டும், ஒருவர் திரையைப் பகிர வேண்டாம். பகிர்ந்தால் புகையும் நீராவியும் கட்டம் கட்டமாகக் குலையும். அதைவிட மோசம், அழைப்புச் செயலியின் இரைச்சல் நீக்கி இன்ஜின் முழக்கத்தையே இரைச்சல் என்று வெட்டிவிடும். கடிகாரம் 9:00லிருந்து நகரும் சட்டகத்தில் எல்லோரும் நிறுத்தி, ஒருவர் எண்ண, சேர்ந்து ஓடவிடுங்கள். 5 நிமிடத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அழைப்பு பேச மட்டும், ஹெட்போன் கட்டாயம், 31 நொடியிலிருந்து மைக் அணைவு. பார்வையாளர்கள் தொலைவிலிருந்து எடுத்த காணொளிகளில் ஒலியை வைத்து நேரம் சேர்க்காதீர்கள். 5 கிலோமீட்டர் தள்ளி நின்றால் முழக்கம் வந்துசேர 15 நொடி ஆகும்.

அடுத்த வாரத்துக்கு எஸ்டிஎஸ்-93 எடுத்துக்கொள்ளுங்கள். 1999 ஜூலை 20 அன்று ஹைட்ரஜன் அளவு தப்பாகத் தெரிந்து, இன்ஜின் பற்றுவதற்குச் சற்று முன் நிறுத்தியதை முதலில் பாருங்கள், பிறகு 23ஆம் தேதி ஏவலை. கிளம்பிய சில நொடிகளில் பயணத் தலைவர் ஐலீன் காலின்ஸ், ஓடத்துக்கு மின்சாரம் தரும் எரிமின்கலம் பற்றிய எச்சரிக்கையைச் சொல்வார். அது மின்கசிவின் அறிகுறி. இரண்டு இன்ஜின்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளில் ஒவ்வொன்று அப்போதே போய்விட்டது, மிச்சமிருந்த கணினிகளே அந்த இன்ஜின்களை ஓட்டின. இன்ஜினிலிருந்து தெறித்த ஒரு சிறு ஊசி, நெருப்பு வெளியேறும் வாயான நாசிலின் குளிர்குழாய்களில் மூன்றைக் கிழித்து ஹைட்ரஜன் ஒழுகவிட்டது பிற்பாடுதான் தெரியவந்தது. முடிவில் வேகம் நொடிக்கு ஐந்து மீட்டர் சுமார் குறைந்தது. மீக்கோவுக்குப் பிறகு அந்தக் குறையை வாய்விட்டுச் சொல்வார்கள். பதிவை அதுவரை அணைத்துவிடாதீர்கள்.