பென்சில்ல இருக்கும்போதே சண்டை போட்ருங்க

கேள்வி: அண்ணே, எங்க ஸ்கூல் பெரிய வாத்தியாருக்கு பழைய மாணவர்கள் சேர்ந்து ஆளுயர வெண்கலச் சிலை வைக்கிறோம். சிற்பி மொதல்ல பென்சில் ஸ்கெட்ச் அனுப்பிருக்காரு, ஓகே சொன்னா களிமண்ல ஆரம்பிப்பாராம். படம் சூப்பர்தான், ஆனா தொப்பையைக் காணோம், வயசும் பத்து கொறஞ்சிருச்சு. விபூதி மட்டும் கரெக்டா இருக்கு. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: பண்ணாதீங்க. இப்ப ரப்பர் வச்சு அழிச்சா முடிஞ்சுச்சு, களிமண்ல கூட தேவல, அதுக்கு மேல மோல்டு எடுத்து மெழுகு ஊத்தி வெண்கலம் வார்த்துட்டாருன்னா அம்புட்டுத்தான், வர்றவன் போறவன்லாம் இது யாருப்பான்னு கேப்பான், நீங்க கல்வெட்டைக் காட்டிக்கிட்டு நிக்கணும்.

தொப்பைக்கு ஒரு நடை மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல இருக்க புதுமண்டபம் போய்ட்டு வாங்க. தூண்ல திருமலை நாயக்கர் கும்பிட்டு நிக்கிறார், 1623ல இருந்து 1659 வரைக்கும் ஆண்டவரு, மண்டபமே அவர் கட்டினது, அவரு வயித்தையே சிற்பி உள்ள தள்ளல. வாத்தியாருக்கு என்னவாம்?

விபூதி கரெக்ட்னீங்க பாருங்க, அங்கதான் பென்சில் ஏமாத்துது. பேப்பர்ல மூணு பட்டையை வெள்ளையா விட்டா விபூதி, வெண்கலத்துல வெள்ளை ஏது? கோடாக் கீறி விட்டாத்தான் தெரியும், அதுவும் கிட்டப் போனாத்தான். நரைச்ச மீசையும் அப்படித்தான், சிலையில எல்லாம் ஒரே கலரு. அப்புறம் அந்த ஷேடு, அது ஒரு பக்க வெளிச்சத்துக்குப் போட்டது, நம்ம ஊரு மத்தியான வெயில் நேரா மண்டையில இறங்கும், புருவ நிழல் விழுந்து கண்ணு ரெண்டும் குழியாத் தெரியும். அதனால ஷேடே இல்லாம வெறுங்கோட்டுல முன்னாடி, ரெண்டு சைடு, முதுகுப்பக்கம்னு நாலு படம் கேளுங்க. நீங்க குடுத்தது பாஸ்போர்ட் சைஸ் போட்டோவாத்தான் இருக்கும், அதுல பின்மண்டை எங்க இருக்கு? பழைய மாணவர்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்க, மாப்பிள்ளைக்குத் தாலி எடுத்துக் குடுக்கையில சார் சைடா திரும்புனது ஒண்ணாவது மாட்டும்.

பீடம் எம்புட்டு உயரம்னு சிற்பிகிட்ட இப்பவே சொல்லிருங்க. கீழ இருந்து அண்ணாந்து பாத்தா தாடை முட்டிக்கிட்டு தலை சிறுத்துரும், அதுக்குத் தகுந்த மாதிரி தலையைக் கொஞ்சம் கூட்டி வரையணும்.

ரோட்டோரம்னா 2013ல சுப்ரீம் கோர்ட்டு போட்ட தடை இருக்கு, ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ளயே வைங்க, பர்மிஷன் வாங்கிட்டு.

திருத்துன படத்தை கமிட்டிக்கு முன்னாடி சார் வீட்டம்மாகிட்ட காட்டுங்க. எடுத்தவுடனே, "அவரு என்னைக்குய்யா துண்டை வலது தோள்ல போட்டாரு?"ம்பாங்க.