வாடிக்கையாளர் போன் செய்யும் முன்பே தெரிய வேண்டும்

கேள்வி: கேபிள் டிவி தொழிலிலிருந்து ஃபைபர் இணையத்துக்கு வந்தவன் நான். 1,800 இணைப்புகள், 6 ஓஎல்டி (ஃபைபர் வழியாக வீடுகளுக்கு ஒளி அனுப்பும், எங்கள் பக்கத்துக் கருவி), 24 போர்ட் ஸ்விட்ச் 22, ரவுட்டர் 2. லைன் எங்கே போனாலும் வாடிக்கையாளர் போன் செய்த பிறகுதான் எங்களுக்குத் தெரிகிறது. கண்காணிப்பு மென்பொருள் விசாரித்தேன். 1,000 சென்சார் லைசன்ஸ் போதும் என்கிறார் விற்க வந்தவர். ஜாபிக்ஸ், லிப்ரென்எம்எஸ் இரண்டும் இலவசம், ஒன்றைப் போடலாம் என்கிறான் அலுவலகத்துத் தம்பி. எதை எடுப்பது?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: முதலில் அந்த 1,000 கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்த மாதிரி லைசன்ஸில் சென்சார் என்றால் ஒரு கருவி அல்ல, ஓர் அளவீடு. ஒரு போர்ட்டின் டிராஃபிக் ஒரு சென்சார். அதே ஸ்விட்சின் சூடு இன்னொரு சென்சார். 22 ஸ்விட்சின் போர்ட்டுகளே 528. ஒவ்வொரு வீட்டு ஓஎன்யுவுக்கும், அதாவது வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்கும், வரும் ஒளியின் அளவைப் பார்க்க இன்னும் 1,800. 1,000 எப்படிப் போதும்? பத்தாதபோது ஓஎன்யுக்களைத்தான் முதலில் விட்டுவிடுவீர்கள். உங்கள் தொழிலுக்கு அதுதான் உயிர்.

ஐப்பசி மழையில் ஜாயின்ட் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கினால் லைன் உடனே போகாது. ஒளி மெல்லக் குறையும். 3 டிபி குறைந்தால் பாதி ஒளி போய்விட்டது என்று பொருள். ஜிபான் என்ற ஃபைபர் முறையில், பி பிளஸ் வகையில், வீட்டு முனைக்கு வரும் ஒளியின் கீழ் எல்லை மைனஸ் 27 டிபிஎம் (டிபிஎம் என்பது ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு). நான் மைனஸ் 25-ஐத் தொட்டாலே ஆளை அனுப்பிவிடுவேன். ஒரு பான் போர்ட்டில் (ஓஎல்டியிலிருந்து ஒரே ஃபைபர் கிளம்பிப் பல வீடுகளுக்குப் பிரியும் போர்ட்) உள்ள எல்லா வீடுகளிலும் ஒரே நாளில் 3 டிபி இறங்கினால் கோளாறு மெயின் கேபிளில். ஒரே வீட்டில் மட்டும் இறங்கினால் அந்த வீட்டுக்குப் போகும் ஒயரை அணில் கடித்திருக்கலாம், கம்பத்தில் மடங்கியிருக்கலாம். ஏணி எடுப்பதற்கு முன்பே எந்தத் தெருவுக்குப் போவது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. கரண்ட் போனால் பெரும்பாலான ஓஎன்யுக்கள் அணையும் நொடியில் ‘டையிங் காஸ்ப்’ என்று ஒரு கடைசிச் செய்தி அனுப்பும். ஃபைபர் அறுந்தால் அதை அனுப்ப வழியில்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத மென்பொருள் இருந்தால், மின்தடை வரும்போதெல்லாம் உங்கள் ஆட்கள் வீணாக வண்டியை எடுப்பார்கள்.

எந்த மென்பொருளானாலும் தம்பியிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். ஒவ்வொரு போர்ட் வழியாகவும் போன டேட்டாவின் கணக்கு 64 பிட் கவுன்டரில் வருகிறதா என்று பார்க்கட்டும். நான் இதில் மாட்டியிருக்கிறேன். 100 எம்பி லிங்கை 1 ஜிகாவாக உயர்த்தினோம். கிராஃப் மட்டும் 114 எம்பியைத் தாண்டவே இல்லை. சாயங்காலம் ஆனால் கீழே வேறு விழுந்தது. மேலிருந்து இணைப்பு தருபவர்களிடம் 3 வாரம் சண்டை போட்டேன். தவறு என்னுடையது. 32 பிட் கவுன்டர் 1 ஜிகா வேகத்தில் 34 நொடிக்கு ஒரு முறை நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். நாங்களோ 5 நிமிடத்துக்கு ஒரு முறை படித்துக்கொண்டிருந்தோம். கருவிகளிடமிருந்து இந்த அளவுகளைக் கேட்டு வாங்கும் முறைக்கு எஸ்என்எம்பி என்று பெயர். அதன் முதல் பதிப்பில் 64 பிட் கவுன்டர் கிடையாது, 2சி என்ற பதிப்பு வேண்டும். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சரி, எதை எடுப்பது? ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் இந்த வாரமே லிப்ரென்எம்எஸ் போடுங்கள். ஐபியும் எஸ்என்எம்பி விவரமும் கொடுத்தால் போர்ட்டுகளை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஒரு சாயங்கால வேலை. ஓஎல்டியில்தான் சிக்கல். விலை குறைந்த பல ஓஎல்டிகளின் ஒளி அளவை அதற்குப் படிக்கத் தெரியாது. அங்கே ஜாபிக்ஸ் கைகொடுக்கும். எந்தக் கருவியில் எதைப் படிப்பது என்று சொல்லும் டெம்ப்ளேட்டை ஒரு முறை எழுதிவிட்டால் புதிய ஓஎன்யுக்களைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஆனால் எழுதுவதற்கு, அந்தக் கருவியில் எந்த அளவு எங்கே கிடைக்கும் என்று பட்டியலிடும் மிப் ஃபைல் வேண்டும், தம்பிக்கு ஒரு மாதப் பொறுமையும் வேண்டும். அடுத்த ஓஎல்டி வாங்கும்போது மிப் ஃபைலைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.

அப்புறம், எந்தக் கருவியின் கீழே எந்தக் கருவி இருக்கிறது என்பதை முதல் நாளே மென்பொருளில் பதிந்துவிடுங்கள். மேலே இருப்பது விழுந்தால் கீழே இருப்பவற்றுக்கெல்லாம் தனித்தனியாகச் செய்தி வராது. அதைச் செய்யாமல் விட்ட ஓர் இரவில், ஒரே ஒரு ஸ்விட்ச் விழுந்ததற்கு எனக்கு 200-க்கும் மேல் எஸ்எம்எஸ் வந்தது. அடுத்த வாரம் நிஜமான கோளாறு வந்தபோது நான் போனை எடுத்தே பார்க்கவில்லை.

கேள்வி: சர்வரை எங்கள் கட்டடத்தில் வைப்பதா, வெளியிலா?
– அதே வாசகர்

பதில்: உள்ளேதான். எஸ்என்எம்பி 2சியில் கருவியைப் படிக்கக் கொடுக்கும் ரகசியச் சொல் மறைக்கப்படாமலே போகும், அதை இணையம் வழியாக அனுப்பக் கூடாது. அந்தச் சொல் இன்னும் ‘பப்ளிக்’ என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். எஸ்எஸ்டி போட்ட சர்வராக இருக்கட்டும், கிராஃப் எழுதி எழுதியே சாதா டிஸ்க் திணறிவிடும். கூடவே சிறியதாக ஒரு சர்வரை வெளியே வாடகைக்கு எடுத்து, உங்கள் ரவுட்டர்களைப் பிங் செய்ய (உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க) வையுங்கள். உங்கள் மெயின் லிங்கே போய்விட்டால் உள்ளே இருக்கும் சர்வர் எந்த வழியாக உங்களுக்குச் செய்தி அனுப்பும்?

உங்கள் 6 ஓஎல்டிகளின் மாடல் பெயர்களை எழுதி அனுப்புங்கள். எதற்கு மிப் ஃபைல் வந்தது, எதற்கு வரவில்லை என்றும் குறிப்பிடுங்கள். டெம்ப்ளேட் எழுதுவதைப் பற்றி அடுத்த இதழில் பேசுகிறேன்.