காய்ந்த இலையும் வாழ்த்து அட்டையும்: கேட்டவையும் சொன்னவையும்

டொரன்டோ பக்கம் மரங்கள் நிறம் மாறியதும் எனக்குக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். தாங்க்ஸ்கிவிங் விருந்துக்குப் பெயர் அட்டை, கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து, பிள்ளைகளின் படம் ஒட்டும் ஆல்பம், எல்லாவற்றிலும் ஓர் இலை வேண்டும். சரி, ஊர்ப் பெயரோடு கேளுங்கள். மரம் வளர்ப்பதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எனக்குக் காகிதமும் பசையும்தான் தெரியும்.

ஸ்கார்பரோ: அக்கா, புத்தகத்துக்குள் வைத்த மேப்பிள் இலை பத்து நாளில் பூசணம் பிடித்துவிட்டது. எங்கே தப்பு?

வழவழப்பான தாள் போட்ட சமையல் புத்தகத்திலோ படப் புத்தகத்திலோ வைத்திருப்பீர்கள். அந்தத் தாள் ஈரத்தைக் குடிக்காது. பழைய செய்தித்தாள் போதும்.

இலையை வெயில் ஏறிய பிறகு பொறுக்குங்கள், காலைப் பனியோடு வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் துணியால் ஒற்றி எடுத்து, நடு நரம்பு தடிப்பாக இருந்தால் பின்பக்கம் பிளேடால் லேசாகச் சீவிவிடுங்கள். ஒன்றோடொன்று தொடாமல் தாளில் பரப்பி, மேலே தாள், அதன்மேல் கெட்டி அட்டை, அதற்கும் மேல் பாரம். என் வீட்டில் பாரம் என்பது பத்துக் கிலோ அரிசி மூட்டை.

இனிமேல்தான் முக்கியம். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். இதை யாரும் செய்வதில்லை, பூசணம் வந்த பிறகு என்னிடம் வருகிறீர்கள். மேப்பிளுக்குப் பத்து நாள், ஓக் மாதிரித் தடித்த இலைக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்துவிட்டதா என்று சந்தேகமா? இலையை எடுத்துக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று பட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்ப மூட்டைக்கு அடியில் போடுங்கள்.

மார்க்கம்: இரண்டு மெழுகுத்தாளுக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டேன், ஒட்டவே இல்லை.

நீங்கள் வாங்கியது கேக் தட்டில் விரிக்கும் பார்ச்மென்ட் தாள். அதில் சிலிக்கோன் பூச்சுதான் உண்டு, உருகுவதற்கு மெழுகு கிடையாது. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பெட்டியைப் படித்து வாங்குங்கள். இஸ்திரிப் பெட்டியில் நீராவி வரவே கூடாது.

மிசிசாகா: கிளிசரினில் ஊறவைத்தால் இலை நொறுங்காதாமே? அட்டையில் ஒட்டலாமா?

நொறுங்காது என்பது உண்மை. ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர், மூன்று நான்கு நாள் முழுக்க மூழ்கியிருந்தால் இலை மெல்லிய தோல் மாதிரி வளையும். நிறம் கொஞ்சம் கறுக்கும். வாசல் கதவில் மாட்டும் இலை வளையத்துக்கு அருமை.

காகிதத்துக்கு வேண்டவே வேண்டாம். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். கொஞ்சம் புழுக்கம் வந்தால் இலை வியர்க்கும். ஒரு வருடம் இருபத்து நான்கு அட்டை செய்து, உறையில் போட்டு, அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். எடுத்துப் பார்த்தால் ஒவ்வோர் உறையிலும் வட்டமாகக் கறை, வடை மடித்த பேப்பர் கெட்டது. கிளிசரின் இலை காகிதத்தில் படக்கூடாது.

ஏஜாக்ஸ்: போன வருடம் ஆல்பத்தில் ஒட்டிய சிவப்பு இலை இப்போது பழுப்பாகிவிட்டது. நிறம் போகாமல் காக்க வழி?

முழுசாகக் காக்க வழி இல்லை. பச்சையம் சிதைந்து போனதும் அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, அது கரோட்டினாய்டு. சிவப்பு அப்படி அல்ல. அந்தச் சில வாரங்களில் இலை புதிதாகத் தயாரிக்கும் ஆந்தோசயனின் அது, வெளிச்சத்துக்குத் தாங்காது. சீக்கிரம் உலர்த்தினால் நிறம் கூடுதலாக நிற்கும், ஜன்னலோரம் வைக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் நிற்கும். மேலே பசை பூசினால் பளபளக்கும், வெளுப்பது நிற்காது.

நான் செய்வது இது: இலை காய்ந்த அன்றே ஸ்கேன் எடுத்துவிடுவேன். ஆல்பத்தில் அமிலமில்லாத தாளில் அச்செடுத்த படம்தான் போகும். அசல் இலை தனியாக ஒரு பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் உறைக்குள். பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் படத்தைக் கெடுக்கும். புகைப்படத்தோடு இலையை நேராக ஒட்டவும் வேண்டாம். இலையிலும் அமிலம் உண்டு, படம் மஞ்சளாகும்.

பிக்கரிங்: இலை காய எத்தனை நாள் ஆகும் அக்கா?

மேலே.

பிராம்ப்டன்: மைக்ரோவேவில் வைக்கலாமா? எத்தனை நாள் மிச்சம்?

வைக்கலாம். டிஷ்யூ தாளுக்கு நடுவே, முப்பது முப்பது வினாடியாக, பக்கத்திலேயே நின்றுகொண்டு. விட்டுவிட்டுப் போனால் தீப்பிடிக்கும்.

வான்: நான் ஒட்டிய இலை நார்வே மேப்பிளாம், கனடா மேப்பிளே இல்லையாம். என் மைத்துனர் கேலி செய்கிறார்.

மைத்துனர் சொல்வது சரியாக இருக்கலாம். நார்வே மேப்பிள் ஐரோப்பாவிலிருந்து வந்தது, தெருவோரம் நிறைய நட்டுவைத்திருக்கிறார்கள். பச்சையாக இருக்கும்போது காம்பை ஒடித்தால் பால் வரும். சர்க்கரை மேப்பிளில் பால் வராது. நார்வே பெரும்பாலும் கடைசியில் மஞ்சளாகத்தான் முடியும். தார் சொட்டியது போல் கரும்புள்ளி இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அது ஒரு பூஞ்சை. உலர்த்தினால் அப்படியே நிற்கும், எனக்கு அது அழகாகவே படுகிறது.

பிராம்ப்டன் மறுபடியும்: என் வீட்டு வாசலில் இருப்பது நார்வே மேப்பிள், வெயில் காலம் முழுக்க அரக்குச் சிவப்பு. மஞ்சள் என்கிறீர்களே?

அது கிரிம்சன் கிங் என்று ஒரு வகை. "பெரும்பாலும்" என்று சொன்னேனே!

வான்: அப்படியானால் 20 டாலர் நோட்டில் இருப்பது எது?

கேட்டுவிட்டீர்கள். 2013 தொடக்கத்தில் இதே சண்டை செய்தித்தாளில் வந்தது. புதிய பிளாஸ்டிக் நோட்டில் இருக்கும் இலை நார்வே மேப்பிள் மாதிரி இருக்கிறது என்று ஒரு தாவரவியலாளர் சொன்னார். பல மேப்பிள்களைக் கலந்து வரைந்த இலை என்று கனடா மத்திய வங்கி பதில் சொன்னது. என் வாக்கு தாவரவியலாளருக்கு.

நியூமார்க்கெட்: கனடா தேசியக் கொடியில் இருப்பது சர்க்கரை மேப்பிள்தானே? எண்ணிப் பார்த்தேன், 11 முனைதான் வருகிறது. மரத்தில் அப்படி ஓர் இலையும் கிடைக்கவில்லை.

கிடைக்காது. 1965 பிப்ரவரி 15 அன்று ஏறிய கொடி அது. காற்றில் ஆடும்போதும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முனைகளைக் குறைத்து வரைந்தார்கள். போதும், இது இலை ஒட்டும் இடம். மைத்துனரை யாராவது சமாதானப்படுத்துங்கள்.

ஆஷவா: மகன் காட்டோரத்தில் பொறுக்கியது. மூன்று மூன்றாக, நல்ல சிவப்பு. அட்டைக்கு எடுப்பாக இருக்கிறது.

இதை எல்லாரும் படியுங்கள். மூன்று சிற்றிலை, நடுவிலுள்ளதற்கு மட்டும் நீளமான காம்பு என்றால் அது பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடியாக இருக்கலாம். இலையுதிர் காலத்தில் அதுவும் அழகாகச் சிவக்கும். அதிலுள்ள உருஷியால் எண்ணெய், இலை காய்ந்த பிறகும் தோலைக் கொப்புளமாக்கும். அட்டை வாங்குகிறவருக்கும்தான். உறையோடு குப்பையில் போடுங்கள், எரிக்காதீர்கள், புகையும் ஆபத்து. மகனின் கையையும் அந்தச் சட்டையையும் சோப்புப் போட்டு இப்போதே கழுவுங்கள்.

சென்னை: இங்கே இலையுதிர் காலமே இல்லை. நாங்கள் என்ன செய்வது?

தெருமுனையில் பாதாம் மரம் இருக்கும், பாருங்கள். உதிரும் முன் அதன் இலை செக்கச் செவேலென்று இருக்கும். தடிப்பு அதிகம், அதனால் தாள் மாற்றுவதும் அதிகம். இன்னும் நல்லது அரச இலை. முற்றிய இலையைத் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் ஊறப்போடுங்கள், அவ்வப்போது தண்ணீரை மாற்றுங்கள். நாறும், மொட்டைமாடியில் வையுங்கள். சதை குழைந்ததும் பழைய டூத் பிரஷால் தட்டித் தட்டி எடுத்தால் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். போகிற நிறமே இல்லாததால் அட்டையில் பல வருடம் அப்படியே இருக்கும். எங்கள் மேப்பிளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஸ்கார்பரோ: லேமினேட் செய்யலாமா? காய எத்தனை நாள்?

கன்னத்தில் வைத்துப் பார்த்தீர்களா? ஈரத்தோடு லேமினேட் செய்தால் உள்ளேயே பூசணம்.

மார்க்கம்: மெல்பர்னில் இருக்கும் அக்காவுக்கு இலை ஒட்டிய அட்டை அனுப்பலாமா?

அசல் இலை வேண்டாம். ஆஸ்திரேலியாவில் இலை, விதை விஷயத்தில் கெடுபிடி அதிகம், தபாலிலேயே எடுத்துவிடுவார்கள். ஸ்கேன் எடுத்து அச்சடித்து அனுப்புங்கள். அது நார்வேயா சர்க்கரையா என்று கேட்க அங்கே மைத்துனர் யாரும் இல்லாமல் இருந்தால் சரி.