8 வயதுப் பிள்ளைக்கு இயற்கணிதம் தொடங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. வகுப்பில் மற்ற பிள்ளைகளைவிடக் கணக்கில் வெகு வேகம். அடுத்த 2 ஆண்டுப் பாடங்களை இப்போதே வீட்டில் முடித்துவிட்டு இயற்கணிதத்துக்குப் போகலாமா? சீக்கிரம் தொடங்கினால் நல்லதா, கெடுதலா?

பதில்: இயற்கணிதத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. "2 ஆண்டுப் பாடங்களை வீட்டில் முடித்துவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் தடுக்க விரும்புகிறேன். 19 ஆண்டுகளாகப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். இதே தவற்றை என் சொந்த மகனுக்குச் செய்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் மகன் 7 வயதில் இரண்டிலக்க எண்களை மனத்திலேயே பெருக்குவான். எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. தினமும் இரவு அடுத்த வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். 9 வயது நிறைவதற்குள் 2 ஆண்டுப் பாடம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்கவில்லை. அந்த 2 ஆண்டுப் பாடத்தையும் அவன் பள்ளியில் இன்னொரு முறை உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. ஆசிரியர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். கொஞ்ச நாளில், மற்றவர்களுக்கும் வாய்ப்புக் கொடு, கையைத் தூக்காதே என்றார்கள். அதன்பின் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மதிப்பெண் குறையவே இல்லை. ஆகவே வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவன் முன்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நானும் இரவுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

13 வயதில் வடிவியல் நிறுவல்கள் வந்தன. நான் முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்காத முதல் பாடம் அது. இரண்டு முக்கோணங்கள் சர்வசமம் என்று காட்ட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்தவுடன் தெரியாது. படத்தையே வெறித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். அவன் இரண்டே நிமிடத்தில் நோட்டை மூடிவிட்டு, "அப்பா, எனக்குக் கணக்கு வராது போலிருக்கிறது" என்றான். அந்த வாக்கியம் இன்றும் என் காதில் இருக்கிறது. 6 ஆண்டுகளாக வகுப்பறையில் அவன் சந்தித்த ஒவ்வொரு கணக்கும் ஏற்கெனவே தெரிந்த கணக்கு. தெரியாத ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்க அவனுக்குப் பழக்கமே இல்லை. அந்தப் பழக்கம் படிய வேண்டிய வயதை நான்தான் எடுத்துக்கொண்டுவிட்டேன். அதைச் சரிசெய்ய எங்களுக்கு 2 ஆண்டு பிடித்தது. முழுவதும் சரியானது என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் எந்தப் பிள்ளையையும் முன்னே அனுப்பக் கூடாதா? நிச்சயமாக அனுப்பலாம், சிலரை அனுப்பியே ஆக வேண்டும். 1971இல் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியல் பேராசிரியர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். கல்லூரியில் சேர விரும்பும் மாணவர்களுக்கான கணக்குத் தேர்வை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்து, அதில் அசாதாரணமாகச் செய்தவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. முன்னே அனுப்பப்பட்டவர்கள் படிப்பிலும் வேலையிலும் நன்றாகவே வந்தார்கள். மனநலம் கெட்டுப்போகும் என்ற பயத்துக்கும் அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. கணித மேதை டெரன்ஸ் டாவோ கதையைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். 1986, 1987, 1988 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடில் வெண்கலம், வெள்ளி, தங்கம். 2006இல் கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம். அந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. சிறுவனாக இருந்தபோது அவர் கணக்குக்கு உயர்நிலைப் பள்ளி வகுப்பில் உட்கார்ந்தார், மற்றப் பாடங்களுக்குத் தம் வயதுக்கு நெருக்கமான வகுப்புகளில் இருந்தார். வீட்டில் ஒரு முறை, பள்ளியில் ஒரு முறை என்று ஒரே பாடத்தை இரண்டு தடவை படிக்க யாரும் அவரை விடவில்லை. பள்ளியே அவருக்காக வளைந்து கொடுத்தது.

என் மகனுக்கு நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னே போகிற பிள்ளை பள்ளியிலும் முன்னே போக வேண்டும். வீட்டில் மட்டும் ஓடவிட்டுப் பள்ளியில் கட்டிப்போட்டால் நாள்தோறும் 1 மணி நேரம் அது சும்மா இருக்கக் கற்றுக்கொள்கிறது.

ஊரோடு எல்லாப் பிள்ளைகளையும் அவசரப்படுத்துவது வேறு கதை. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் ஒரு பெரிய பள்ளி மாவட்டம் 2002–03இல், நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளைகளையும் சேர்த்து நிறையப் பேரை 8ஆம் வகுப்பிலேயே இயற்கணிதத்தில் சேர்த்தது. அவர்களுக்கு இயற்கணிதத் தேர்விலேயே மதிப்பெண் குறைந்தது. அடுத்து வந்த பாடங்களிலும் அவர்கள் முன்னேறவில்லை. சான் பிரான்சிஸ்கோ நேர்மாறாகச் செய்தது. 2014இல் எல்லோருக்கும் இயற்கணிதத்தை 9ஆம் வகுப்புக்குத் தள்ளிவைத்தார்கள். 10 ஆண்டு கழித்து, 8ஆம் வகுப்பிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று மக்களே பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். எல்லோருக்கும் ஒரே வேகம் என்று யார் முடிவெடுத்தாலும் சில பிள்ளைகள் நசுங்குகிறார்கள்.

உங்கள் மகளைப் பற்றிப் பேசுவோம். வேகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மரியம் மிர்சாகானி, ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண், நடுநிலைப் பள்ளியில் ஓராண்டு கணக்கில் சுமாராகத்தான் செய்தார். ஆர்வமே போய்விட்டது என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார். நான் வேறு சிலவற்றைப் பார்ப்பேன். 8 + 4 = □ + 5 என்று ஒரு தாளில் எழுதி, கட்டத்தில் என்ன வரும் என்று கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் 12 என்பார்கள், சிலர் 17 என்பார்கள். "இதோ விடை" என்று சமன்குறி சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்ற எண்ணம் இல்லாமல் இயற்கணிதத்தில் கால் வைக்கவே முடியாது. வகுப்பில் பின்னம் தொடங்கியபின் 2/3, 3/4 இரண்டில் எது பெரியது, ஏன் என்று கேளுங்கள். படம் போட்டோ ஆளுக்கு எவ்வளவு என்று பங்கிட்டுப் பார்த்தோ சொன்னால் மகிழ்ச்சியடையுங்கள். குறுக்கே பெருக்கி விடை சொன்னால் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். பின்னத்தைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. 10 வயதில் பின்னமும் வகுத்தலும் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பது, 5, 6 ஆண்டு கழித்து அது இயற்கணிதத்தில் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டிக் காட்டுகிறது என்று அமெரிக்க, பிரிட்டன் மாணவர்களின் தரவுகளை வைத்து 2012இல் கண்டறிந்தார்கள்.

இதிலெல்லாம் அவள் தெளிவாக இருந்தாலும், பாடப்புத்தகத்தை முன்னே தள்ளாதீர்கள். பாடத்திட்டத்துக்குள் வரவே வராத கணக்கைக் கொடுங்கள். அதை எந்த வகுப்பிலும் அவள் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்காது. 204 எனக்குப் பிடித்த எண். சதுரங்கப் பலகையில் எத்தனை சதுரம் என்று கேட்டால் பிள்ளைகள் 64 என்பார்கள். பெரிய சதுரங்களையும் எண்ணு என்றால் முகம் மாறும். 1 கட்டம், 4 கட்டம், 9 கட்டம் என்று ஒழுங்காக எண்ணினால்தான் 204க்கு வந்து சேர முடியும்.

இன்னொன்று, கோனிக்ஸ்பர்க் என்ற பழைய ஐரோப்பிய நகரத்தின் பாலங்கள். ஓர் ஆறு, நான்கு நிலப்பகுதிகள், 7 பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து நடக்க முடியுமா? முடியாது என்று 1736இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் நிறுவினார். விடையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். அவள் பென்சிலால் பத்து முறை முயன்று தோற்கட்டும். பிறகு ஒவ்வொரு நிலப்பகுதியிலும் எத்தனை பாலம் வந்து சேர்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்: 5, 3, 3, 3. ஓர் இடத்துக்குள் ஒரு பாலத்தால் நுழைந்தால் இன்னொரு பாலத்தால் வெளியேற வேண்டும், ஆகவே பாலங்கள் ஜோடி ஜோடியாகச் செலவாகும். தொடங்கும் இடமும் முடிக்கும் இடமும் மட்டுமே விதிவிலக்கு. நான்கும் ஒற்றைப்படை என்றால் எப்படி முடியும்? இதை 9 வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கூட்டல்கூட இல்லாத இதுவும் கணிதம்தான். மூன்று நாள் தெரியாமல் இருந்து நான்காம் நாள் தெரிவது எப்படியிருக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு அப்போது தெரிந்துவிடுகிறது. என் மகனுக்கு நான் கொடுக்காமல் விட்டது அந்த மூன்று நாள்தான்.

இப்படி ஓராண்டு போனபிறகும் அவள் போதாது போதாது என்று இழுத்தால், அப்போது பள்ளியிடம் பேசுங்கள். என்னிடம் படித்த ஒரு சிறுமியை 11 வயதில், கணக்குக்கு மட்டும், 2 வகுப்பு மேலே அனுப்பினோம். கால அட்டவணை இடித்தது, அவளைவிட ஒரு தலை உயரமான பிள்ளைகளுக்கு நடுவே உட்கார வேண்டியிருந்தது, முதல் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. அழுதாள். மறுநாள் காலை, தவறவிட்ட ஒரு கணக்கை வேறு வழியில் போட்டு எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அவளை அங்கே அனுப்பியது சரிதான் என்று அன்றுதான் எனக்கு நிச்சயமாயிற்று. மேலே போய் முதலிடம் வாங்கும் பிள்ளையைவிட, மேலே போய்த் திணறியும் திரும்பி வர மறுக்கும் பிள்ளைக்குத்தான் அந்த இடம் உரியது.

மாற்றம் கிடைக்கும்வரை வகுப்பில் சும்மா இருக்கும் நேரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஆசிரியரைத் தனியாகச் சந்தித்து, பாடக் கணக்கை முடித்தபின் அவள் தன் சொந்த நோட்டில் வேறு கணக்குப் போட்டுக்கொள்ள அனுமதி கேளுங்கள். அப்படிக் கேட்டு வந்த ஒரு பெற்றோரைக்கூட நான் இதுவரை மறுத்ததில்லை.