500 குதிரைத்திறனுக்கு எந்த என்ஜின் பிளாக்கை எடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: பழைய வி8 காரை 500 குதிரைத்திறனுக்குக் கட்ட வேண்டும், டர்போ கிடையாது, அடிக்கடி சாலையில் ஓட வேண்டும். கையில் இரண்டு போல்ட் மெயின் கேப் (கிராங்க் தண்டை அடியிலிருந்து பிடிக்கும் மூடி) உள்ள செவ்ரோலே 350 பிளாக், அதாவது 350 கன அங்குல என்ஜினின் வார்ப்பு உடல், ஒன்று இருக்கிறது. வெளியே ஃபோர்டு 302, அலுமினிய எல்எஸ்1, இரும்பு 6.0 லிட்டர் எல்எஸ் (எல்எஸ் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் பிந்தைய வி8 வரிசை) ஆகியவை கிடைக்கின்றன. பந்தயத்துக்கென்றே வார்க்கும் புது பிளாக் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறீர்கள். இதில் எது?

நான் எடுப்பதாக இருந்தால் இரும்பு 6.0. ஆனால் பெயரைக் கேட்டு முடிவு பண்ணாதீர்கள். 6.0லும் மோசமான வார்ப்பு உண்டு, பழைய 350லும் தங்கமான வார்ப்பு உண்டு. வார்ப்பு எண் அது எந்த வகை பிளாக் என்று மட்டும்தான் சொல்லும். உங்கள் முன்னால் கிடக்கும் அந்தப் பிளாக்கின் சிலிண்டர் சுவர் எவ்வளவு தடிமன் என்று சொல்லாது. அதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வார்க்கும்போது தண்ணீர் ஓடும் வழிக்காக உள்ளே வைக்கும் மணல் அச்சு கொஞ்சம் நகர்ந்துவிட்டால், சிலிண்டரின் ஒரு பக்கச் சுவர் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. அதற்குத்தான் சோனிக் டெஸ்ட். சுவரில் ஜெல் தடவி, பேனா மாதிரி ஒரு புரோபை வைத்தால் மீட்டரில் தடிமன் வரும். ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு பக்கம், மேலே, நடுவில், கீழே என்று எடுத்து, பக்கத்திலேயே மார்க்கரால் எழுதிக்கொண்டே போவார்கள். வெளியே அழகாக இருந்த ஒரு பிளாக்கில், ஒரே சிலிண்டரில் ஒரு பக்கம் 6 மில்லிமீட்டருக்கு மேலும் எதிர்ப்பக்கம் 3 சொச்சமும் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதை எடுத்துக் கட்டியிருந்தால் சுவர் நெளிந்து, பிஸ்டன் ரிங் சரியாக உட்காராமல், கடைசியில் விரிசல்தான்.

மெலிந்த பக்கம் எது என்பதும் முக்கியம். பவர் ஸ்ட்ரோக்கில் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) சாய்ந்திருப்பதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரைத்தான் பலமாக அழுத்தும். முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் ஓடும் என்ஜினில் அது இடப்பக்கச் சுவர். இந்த வகை வி8ல் போர் பண்ணி (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிசாக்கி) முடித்த பிறகு அந்தப் பக்கம் 5 மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும் என்று நான் பார்ப்பேன். எதிர்ப்பக்கம் கொஞ்சம் குறைந்தாலும் விட்டுக்கொடுக்கலாம்.

இங்கேயே இன்னொன்று. "போரைப் பெரிசாக்கினால் சக்தி கூடும்" என்று எல்லோரும் சொல்வார்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். 350ன் போர் (துளையின் விட்டம்) 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48. போரை 0.030 அங்குலம் ஏற்றினால் 355 கன அங்குலம், அவ்வளவுதான். அதே போரில் 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க் போட்டால் 383. சுவரைச் சுரண்டிக் கிடைப்பது ஒன்றரை சதவீதம்தான், ஸ்ட்ரோக்கில் கிடைப்பது அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். அதனால் சிலிண்டர் சுத்தமாக எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் போர் பண்ணுங்கள், மீதிச் சுவரை விட்டுவையுங்கள்.

சுவருக்கு அடுத்தது அடிப்பகுதி. கிராங்க்கைத் தாங்கும் குறுக்குச் சுவர்களும் அவற்றில் மாட்டும் மெயின் கேப்புகளும். பிஸ்டனையும் ராடையும் மேலே கீழே இழுத்து நிறுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 6000 ஆர்பிஎம்மில் ஓடியதை 7000க்குக் கொண்டுபோனால் அந்த விசை 36 சதவீதம் கூடிவிடும். ஆகவே "500 குதிரைத்திறன்" என்று மட்டும் சொன்னால் போதாது, அதை எந்த ஆர்பிஎம்மில் எடுக்கப் போகிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய கொள்ளளவில் 6000க்குப் பக்கத்தில் எடுக்கும் 500ஐ பிளாக் தாங்குவது சுலபம்.

பழைய பிளாக் வாங்கும்போது மெயின் கேப்பைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். கேப் பிளாக்கோடு உட்காரும் முகம் சீராக இருக்க வேண்டும். அங்கே சாம்பல் நிறத்தில் மங்கலான திட்டுகள் இருந்து, நகத்தால் வருடினால் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால், கேப் ஓட்டத்தில் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த பிளாக்கை அப்படியே கட்டக் கூடாது.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

302 வேண்டாம். நல்ல என்ஜின்தான், எடை குறைவு, ஆனால் தொழிற்சாலை பிளாக் 500க்குப் பக்கத்தில் போனால் லிஃப்டர் பள்ளத்தின் (இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவில் உள்ள பள்ளம்) வழியாக இரண்டாகப் பிளக்கும் என்பது ஊரறிந்த விஷயம். நல்ல கேப்பும் ஸ்டட்டும் (போல்ட்டுக்குப் பதில் போடும் திருகுக் கம்பி) போட்டாலும் பலவீனம் வார்ப்பிலேயே இருக்கிறது. ஃபோர்டுதான் வேண்டுமென்றால் 351 வின்ட்சர் பாருங்கள். டெக் உயரம் (கிராங்க் மையத்திலிருந்து ஹெட் உட்காரும் முகம் வரை) 8.2க்குப் பதில் 9.5 அங்குலம், மெயின் ஜர்னலும் (கிராங்க் மெயின் பேரிங்கில் சுழலும் பகுதி) பெரிசு.

உங்கள் 350ஐத் தூக்கிப் போட வேண்டியதில்லை. டெஸ்டில் தேறினால், இரண்டு போல்ட் கேப்பிலேயே நல்ல ஸ்டட் போட்டு 450 வரை நிம்மதியாக ஓட்டலாம். ஸ்டட் மாற்றினால் லைன் ஹோனிங் (மெயின் துளைகளை ஒரே நேர்கோட்டில் தேய்த்துச் சீராக்குவது) கட்டாயம், ஏனென்றால் இறுக்கும் விசை மாறும்போது மெயின் துளையின் வட்டமும் மாறும். 500தான் வேண்டுமென்றால், வெளி போல்ட்டுகள் சாய்ந்து இறங்கும் நான்கு போல்ட் கேப்பைப் பொருத்தச் சொல்லுங்கள். அவை பக்கவாட்டில் தடித்த உலோகத்தைப் போய்ப் பிடிக்கும். நேராக இறங்கும் தொழிற்சாலை நான்கு போல்ட்டைவிட இது மேல் என்பது என் கருத்து.

எல்எஸ்1, 1997ல் கார்வெட்டில் வந்த 5.7 லிட்டர். அலுமினியம், உள்ளே இரும்பு ஸ்லீவ் (சிலிண்டர் சுவராக அமைந்த குழாய்). இரும்பு எல்எஸ்ஸைவிட 40 கிலோ அளவுக்கு எடை குறைவு, அதுவும் முன் சக்கரத்தின் மேலிருந்து குறைகிறது. வளைவுகளில் வேகமாக ஓட்டத்தான் கார் கட்டுகிறீர்கள் என்றால் நானும் இதைத்தான் எடுப்பேன். ஆனால் போர் 3.898 அங்குலம்தான், ஸ்லீவ் மெல்லிசு, தேய்ந்திருந்தால் பெரிசாக்க இடம் கிடையாது. சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும், மெயின் பேரிங் இடைவெளியும் கூடவே கூடும். இரும்பு பிளாக்குக்குப் பழகிய மெக்கானிக் அதே இடைவெளியை இதிலும் வைத்தால் சூட்டில் ஆயில் பிரஷர் விழும். இதை வேலை கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இரும்பு 6.0ல் போர் 4.00 அங்குலம், தேவைப்பட்டால் 4.030 போகலாம். எல்எஸ் குடும்பம் முழுக்கவே பிளாக்கின் பக்கச் சுவர் கிராங்க்குக்குக் கீழே வரை இறங்கும், ஒவ்வொரு மெயின் கேப்பையும் மேல்நோக்கி நான்கு போல்ட்டும் பக்கவாட்டில் இரண்டும் பிடிக்கும். கேப் அசையவே வழியில்லை. 350ல் தனியாகச் செய்ய வேண்டிய வேலை இதில் பிறப்பிலேயே இருக்கிறது. பின்னால் மனசு மாறி டர்போ போட்டாலும் தாங்கும். எடை ஒன்றுதான் குறை, சாலைக் காருக்கு அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

பந்தய பிளாக் 650, 700 என்று போகிறவர்களுக்கு. தடித்த சுவர், பலமான கேப் எல்லாம் இருக்கும், ஆனால் பல பிளாக்குகள் போர் முழுதாக முடிக்காமல்தான் கைக்கு வரும். 500க்கு இது அதிகப்படி. அந்தப் பணத்தை சிலிண்டர் ஹெட்டில் போடுங்கள், சக்தி அங்கேதான் பிறக்கிறது.

எதை எடுத்தாலும் வேலை வரிசை ஒன்றுதான். முதலில் கழுவி விரிசல் சோதனை: இரும்புக்குக் காந்தப் பொடி, அலுமினியத்துக்குச் சாயம். அப்புறம் தண்ணீர் வழிக்குப் பிரஷர் டெஸ்ட், சோனிக் டெஸ்ட், டெக் மட்டம். சிலிண்டரைக் கடைசியாகத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங்கை டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தகடு) மாட்டித்தான் பண்ணச் சொல்லுங்கள். ஹெட் போல்ட்டை இறுக்கும்போது போர் கொஞ்சம் நெளியும், பிளேட் அதே நெளிவை முன்கூட்டியே கொடுப்பதால் என்ஜின் பூட்டிய பிறகு துளை வட்டமாக இருக்கும். பிஸ்டனை மட்டும் இப்போதே ஆர்டர் பண்ணிவிடாதீர்கள். எந்த சைஸ் பிஸ்டன் என்பதை சோனிக் டெஸ்டில் வரும் எண்கள்தான் முடிவு பண்ணும்.